வரிசையில் நின்றவரைப் படம் பிடித்த தம்பிக்கு

எந்தக் காணொளியைப் பற்றிப் பேசுகிறேன் என்று எங்கள் ஊரான மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2025 சுதந்திர தினம் முடிந்ததிலிருந்து எல்லாருடைய கைப்பேசியிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்காதவர்கள் தயவுசெய்து தேடிப் பார்க்க வேண்டாம். பேரங்காடியில் பணம் கட்டும் இடத்தில் ஒரு வயதான அம்மா நிற்கிறார். அரசு கொடுத்த 100 ரிங்கிட் உதவியில் பொருள் வாங்க அடையாள அட்டையைச் செருகுகிறார்கள், எடுக்கிறார்கள், மறுபடியும் செருகுகிறார்கள். காசாளர் பெண் கற்பூரப் பொட்டலத்தை எடுத்துத் தனியே வைக்கிறாள். அந்த அம்மா அதை மறுபடியும் அரிசிப் பையோடு சேர்த்து வைக்கிறார். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். மேலே ஒரு வாசகம்: ‘ஓசி என்றால் போதுமே!’

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். வரிசையில் நிற்கிற மனிதரை, அதுவும் திருப்பிக் கேட்கத் தெரியாத மனிதரை, அவருக்குத் தெரியாமல் படம் பிடித்து ஊர் சிரிக்கும்படி செய்யாதீர்கள்.

தம்பி, அந்த 100 ரிங்கிட் யாருக்கெல்லாம் வந்தது என்று தெரியுமா? 18 வயது நிரம்பிய ஒவ்வொரு மலேசியருக்கும் வந்தது. ஏழை, பணக்காரர் என்று பார்க்கவில்லை. விண்ணப்பமும் கேட்கவில்லை. 2025 ஜூலை 23-இல் பிரதமர் அறிவித்தார், ஆகஸ்ட் 31 முதல் அடையாள அட்டையைக் காட்டிப் பொருள் வாங்கலாம் என்றார்கள். உங்கள் அட்டையிலும்தான் அது சேர்ந்தது. எனக்கு வேண்டாம், ஓசி பிடிக்காது என்று புத்ராஜெயாவில் இருக்கும் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினீர்களா? அந்த வரிசையில் நீங்கள் எதற்காக நின்றீர்கள், காற்று வாங்கவா? முதல் நாளே நாடு முழுவதும் கணினி முறை திணறியது. அப்போது அதைத் தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள், எல்லாரும் பொறுத்துக்கொண்டோம். ஒரு கிழவி திணறினால் மட்டும் நகைச்சுவையாகிவிடுகிறது.

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். நான் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்தபோது, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை நாள் தவறாமல் எழுதியவன். விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்பார். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, தனக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குப் போவார். பால் வடிய மரப்பட்டையை வெட்டி, மங்கு என்ற கோப்பையில் சேர்ந்த பாலை எடுத்து, காண்டா என்ற தோள்கம்பில் இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நிறுவைக்கு வருவார். மழை பெய்தால் வெட்டு இல்லை; வெட்டு இல்லை என்றால் கூலியும் இல்லை. அந்த வெற்றுக் கட்டங்களைப் போட்ட கை இது. இவரைத்தான் நீங்கள் ஓசிக்கு அலைகிறவர் என்கிறீர்கள். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்டு விற்பனைக்கு வந்த தோட்டங்களை வாங்கப் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தவர்கள் யார்? இப்படிப்பட்டவர்கள்தான். துன் நம் ஊர்க்காரர். அவர் படத்தோடு ‘நம் ஊர்ப் பெருமை’ என்று நீங்களும் பதிவு போட்டிருக்கிறீர்கள், நான் பார்த்தேன்.

‘பொது இடம்தானே, யாரும் படம் எடுக்கலாம்’ என்று ஒருவர் எழுதுவார். உங்கள் அம்மா அந்த இடத்தில் நிற்கும்போது வந்து எழுதுங்கள்.

‘எங்களுக்கும் வேலை இருக்கிறது, மதிய இடைவேளையில் எத்தனை நேரம் நிற்பது?’ என்று இன்னொருவர் கேட்பார். இது நியாயமான பேச்சுதான், ஒப்புக்கொள்கிறேன். சம்பளத்துக்கு ஓடுகிறவனுக்குப் பத்து நிமிடம் என்பது பெரிய விஷயம். ஆனால், நேரம் இல்லாதவர் எப்படி ஒரு நிமிடத்துக்கு மேல் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வாசகம் எழுதுகிறார், பாட்டுப் போடுகிறார்?

‘பெரியவர்களும் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்பது அடுத்தது. சரி, யார் சொல்லிக் கொடுத்தீர்கள்? அரிசி, மாவு, எண்ணெய், பிஸ்கட் என்று ஒரு பட்டியல் உண்டு, பட்டியலில் இல்லாததற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்று அந்த அம்மாவிடம் ஒருவராவது உட்கார்ந்து சொன்னீர்களா? ஜூலையில் விற்பனை, சேவை வரியை விரிவாக்கினார்கள். ஆகஸ்ட் முதல் தேதி முட்டைக்கான உதவித்தொகை நின்றது. இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவருக்குத் தெரியும், கடையில் கொடுக்கிற காசு சொல்லிவிடும்.

‘உங்களுக்கென்ன, ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறீர்கள், பொழுது போகவில்லை, எழுதுகிறீர்கள்.’ இதை யாரும் எழுதவில்லை, ஆனால் எழுதுவார்கள். தோட்டத்துக் கிராணிக்கு ஏது ஐயா ஓய்வூதியம்? 55 வயதில் சேமநிதியிலிருந்து எடுத்ததில் ஒரு பங்கு மகளின் படிப்புக்குப் போனது, ஒரு பங்கு குடியிருப்புப் பகுதியில் (தாமானில்) உள்ள வீட்டின் கூரைக்குப் போனது. பொழுதும் நன்றாகவே போகிறது. காலையில் மின்னல் பண்பலை வானொலி கேட்டுக்கொண்டே வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், பேத்தியைப் பள்ளியில் விடுகிறேன், வீட்டுக்காரம்மாவுடன் சந்தைக்குப் போகிறேன். தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்ற பிறகு காலையில் ஒரு மணி நேரம் மிச்சமானது உண்மை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் உங்கள் காணொளிகளைப் பார்த்துத் தொலைக்கிறேன்.

எனக்கு உண்மையில் வலித்தது எது தெரியுமா? படம் பிடித்தவர் யாரோ. ஆனால் அது என் கைக்கு வந்தது எங்கள் குடும்பப் புலன (வாட்ஸ்அப்) குழுவில். அனுப்பியவன் என் சொந்த மருமகன், தங்கை மகன். நான் தோளில் தூக்கி வளர்த்தவன். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அதில் ஒன்று என் வீட்டுக்குள்ளிருந்தே போயிருக்கிறது. அது யார் என்று சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது, விட்டுவிடுகிறேன். ‘சின்னப் பிள்ளைகள் விளையாட்டு, விடுங்கள்’ என்கிறாள் என் மனைவி. முப்பது வயதைத் தாண்டியவன் எந்தக் கணக்கில் சின்னப் பிள்ளை?

இவர்களுக்குத் தெரியாது. 1948 ஜூன் 16-இல் நம் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவசரகாலம் வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அரிசியை அளந்து கொடுத்தார்கள். குடியிருப்பைச் சுற்றிப் போட்ட வேலிக்கு வெளியே வேலைக்குப் போகிறவர்களைச் சோதனை போட்டார்கள். மரம் வெட்டப் போகும்போது ஒரு பிடி சோறு மறைத்துக் கொண்டுபோகிறார்களா என்று பெண்களின் வாளியைக்கூடத் திறந்து பார்ப்பார்களாம். என் அம்மா இதைச் சொல்லும்போது சிரிக்கவும் மாட்டார், அழவும் மாட்டார். அரிசிக்காக அட்டையைக் காட்டி வரிசையில் நின்ற தலைமுறை அது. அந்த வரிசையில் அவரை யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன வாசகம் போட்டிருப்பீர்கள்?

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எனக்கு இருக்கிறது.

அந்தக் காசைச் செலவழிக்க 2025 டிசம்பர் 31 வரை நேரம் கொடுத்தார்கள். இனி இப்படி ஏதாவது வந்தால் பெரியவர்கள் பதற வேண்டாம். வார நாளில் காலையிலேயே போனால் கூட்டம் குறைவு. துணைக்கு ஆள் இல்லை என்றால் எனக்குத் தகவல் சொல்லுங்கள், வருகிறேன். நான்தான் வீட்டில் சும்மா இருக்கிறேனே.

மருமகனே, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். படித்துவிட்டு உன் அம்மாவிடம் ஓடிப்போய், மாமா என்னை முகநூலில் திட்டிவிட்டார் என்று சொல்லாதே. அவள் எனக்குத் தொலைபேசியில் அழைத்து அழுவாள், பிறகு உன் அத்தை என்னோடு இரண்டு நாள் பேச மாட்டாள். உன் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை, நன்றாகப் பார்த்துக்கொள்.