முடி வெறும் ஸ்டைல் இல்லை

“1964 சட்டம் வந்ததோடு அமெரிக்க அலுவலகங்களில் கறுப்பினத்தவர் படும் தொல்லை தீர்ந்தது, முடி விவகாரமெல்லாம் வெறும் ஸ்டைல் சண்டை” என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். ஆண்டு சரி, வேலையில் இனப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் அப்போதுதான் வந்தது. மற்றது சரியில்லை.

அலபாமாவில் 2010-இல் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு கால் சென்டர் வேலை கிடைத்தது. திரிதிரியாகத் திரண்ட அவருடைய சடைமுடியை (ட்ரெட்லாக்ஸ்) வெட்டச் சொன்னார்கள். மறுத்தார், வேலை போனது. (போனில் பேசுகிறவர் தலையை யார் பார்க்கப்போகிறார்கள்?) வழக்கு நடந்தது. சடைமுடி பிறப்பில் வருவதல்ல, மாற்றிக்கொள்ளலாம், அதனால் அந்த 1964 சட்டம் பொருந்தாது என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது.

அப்புறம், “மாற்றிக்கொள்வது” என்றால் என்ன? சுருள்முடியை நேராக்கும் ரிலாக்சர் பலவற்றில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, சாக்கடைக் குழாய் அடைப்பை எடுக்கும் அதே காரம். தலைத்தோல் எரிய எரிய உட்கார்ந்திருக்க வேண்டும். சில வாரங்களில் வேரில் புதுமுடி சுருண்டு வளர்ந்ததும் மறுபடியும் அதே பாடு. இந்தச் செலவு எந்தச் சம்பளச் சீட்டிலும் வராது.

முடியைக் காட்டி ஒதுக்குவதைத் தடைசெய்த முதல் மாநிலம் கலிஃபோர்னியா, அதுவும் 2019-இல்தான். நாடு முழுவதற்குமான மசோதா 2022-இல் பிரதிநிதிகள் சபையைத் தாண்டியது, செனட்டில் நின்றுபோனது.