கண் நலம் காப்போமாம்!

நிர்வாகத்திலிருந்து இன்றைக்கு மறுபடியும் ஒரு மெயில். "உங்கள் கண்கள், உங்கள் பொறுப்பு." 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி இருக்கிற எதையாவது 20 விநாடி பார்க்க வேண்டுமாம். சரி, பார்க்கிறேன். எதை? கையை நீட்டினால் இடிக்கிற தடுப்புப் பலகைக்குள் என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள். வலது பக்கம் தூண், இடது பக்கம் பக்கத்து சீட்டுக்காரர். 20 அடி தூரத்தை எங்கே போய்த் தேடுவது?

கிட்டத்தில் பார்க்கும்போது விழி லென்ஸைக் குவிக்கிற தசை இறுகியே இருக்கும். பார்வை தூரத்துக்குப் போனால்தான் அது தளரும், அந்த 20 அடி அதற்காகத்தான். மூன்றடியில் நிற்கிற பலகையை 20 விநாடி இல்லை, 20 நிமிடம் முறைத்தாலும் அந்தத் தசைக்கு ஓய்வு கிடைக்காது.

மீட்டிங்கில் கேமராவை அணைக்கக் கூடாது என்பதும் இதே நிர்வாகத்தின் உத்தரவுதான். கொஞ்சம் தலையைத் திருப்பினால் "என்னங்க, கவனம் இங்கேதானே இருக்கு?" என்று ஒரு குரல். ஒரு மீட்டிங் முடிகிற நிமிடத்தில் அடுத்தது ஆரம்பம். நடுவில் தண்ணீர் குடிக்கவே நேரமில்லை, இதில் கண்ணுக்கு ஓய்வாம்.

எனக்கு நிஜமாகவே கொதிப்பது ஏசி விஷயத்தில்தான். என் தலைக்கு மேலே இருக்கிற ஏசித் துவாரம் நாள் முழுக்க நேராக முகத்தில் ஊதுகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து தடவையாவது இமைக்கிற கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இமைப்பதும் அரைகுறைதான், மேல் இமை பாதி வழியிலேயே திரும்பிவிடும். இரண்டு இமையும் முழுசாகச் சேர்ந்தால்தான் இமையோரச் சுரப்பிகளிலிருந்து எண்ணெய் கசிந்து கண்ணீரின் மேல் படலமாகப் பரவும். அது இல்லாவிட்டால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். ஏற்கெனவே காய்கிற கண்ணில் இந்தக் காற்றும் அடித்தால்? மதியம் மூன்று மணிக்கெல்லாம் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல். அதைத் தாங்காமல் கண் தானாகவே தண்ணீரைக் கொட்டும். "ஏன் அழுறீங்க, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று மேனேஜர் அக்கறையாக விசாரிக்கிறார். வீட்டில் ஒன்றும் இல்லை சார், உங்கள் ஏசிதான். அந்தத் துவாரத்தின் தகட்டைக் கொஞ்சம் திருப்பிவிடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. "மொத்தத் தளத்துக்கும் ஒரே செட்டிங்" என்பதுதான் ஒவ்வொரு தடவையும் பதில்.

அப்புறம் மானிட்டர். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். பார்வை லேசாகக் கீழ்நோக்கி இருந்தால் இமையும் கண்ணைக் கொஞ்சம் மூடிக் காக்கும். இங்கே எல்லா மானிட்டரையும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டில் முடுக்கி வைத்திருக்கிறார்கள், வரிசை பார்க்க அழகாக இருக்க வேண்டுமாம். குள்ளமானவர்கள் நாள் முழுக்கக் கண்ணை அகல விரித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் இருக்கிற புரோகிரசிவ் கண்ணாடி போட்டவர்கள் பாடு அதைவிட மோசம். கிட்டப் பார்க்கிற பவர் லென்ஸின் கீழ்ப்பகுதியில் இருப்பதால் தாடையைத் தூக்கித் தூக்கிக் கழுத்தும் போகிறது. முதுகுக்குப் பின்னால் ஜன்னல், திரையில் பாதி இடம் வெளிச்சத்தின் பிரதிபலிப்பு. திரைச்சீலையைத் தொடக் கூடாது, அது கட்டட மேலாண்மையின் அதிகாரம்!

இத்தனைக்கும் இவர்கள் கண்டுபிடித்த தீர்வு என்ன தெரியுமா? திரையின் நீல ஒளியைத் தடுக்கிற ப்ளூ லைட் கண்ணாடிக்குத் தள்ளுபடிக் கூப்பன். அந்த விஷயத்தில் நடந்த 17 ஆய்வுகளை அலசி 2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு ஒரு அறிக்கை வெளியிட்டது. கணினி வேலையால் வருகிற கண் சோர்வைச் சாதாரண லென்ஸைவிட இந்தக் கண்ணாடி குறைப்பதாகத் தெரியவில்லை, குறைந்தபட்சம் குறுகிய காலத்தில், என்றுதான் அதில் இருக்கிறது. ஆனால் கூப்பன் கொடுத்தால் படம் எடுத்துப் போடலாம். ஏசித் தகட்டைத் திருப்பினால் யார் படம் எடுக்கப் போகிறார்கள்?

ஐரோப்பாவில் 1990-லேயே இதற்கு ஒரு சட்ட ஆணை போட்டுவிட்டார்கள். திரை வேலைக்கு இடையிடையே இடைவேளையோ வேறு வேலையோ கிடைக்கும்படி நிர்வாகம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும், ஊழியருக்குக் கண் பரிசோதனைக்கு உரிமை உண்டு, அதன் செலவு அவர் தலையில் விழக் கூடாது. மேசை, வெளிச்சம், பிரதிபலிப்பு எல்லாவற்றுக்கும் குறைந்தபட்ச விதி இருக்கிறது. பொறுப்பு யாருடையது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. இங்கே சொட்டு மருந்தும் நானே வாங்கி, கண்ணாடிக்கும் நானே அழுது, போதாததற்கு "உங்கள் பொறுப்பு" என்று பாடமும் கேட்க வேண்டும்.

நாளைக்கு மதியம் கண் நலம் பற்றிக் கருத்தரங்கு வேறு வைத்திருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம், ஆன்லைனில். கேமரா கட்டாயம்.