மாரிக்குப்பம் ரயிலில் வருகிறவர்கள் எந்த ஊர்க் கணக்கு?

காலையில் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்துத் தங்கவயலிலிருந்து வரும் மாரிக்குப்பம் ரயில் பெங்களூரு கன்டோன்மென்ட்டில் நிற்கும்போது பார்த்திருக்கிறீர்களா? பெட்டி பெட்டியாகத் தமிழ் இறங்கும். என் அண்ணனும் அதில்தான் வருகிறார். ஒரு பக்கத்துக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல். 2001இல் தங்கவயல் தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து எங்கள் தொழிலாளர் குடியிருப்பு லைனில் பல வீடுகளில் அடுப்பு எரிவது இந்த ரயிலால்தான்.

கர்நாடகத்தின் மாவட்டவாரியான தனிநபர் வருமானப் பட்டியல் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது முன்னேறிய மாவட்டம், அது பின்தங்கியது என்று அதற்குள் தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. அந்த எண் எப்படி வருகிறது? மாவட்டத்துக்குள் உண்டான மதிப்பை அங்கே குடியிருக்கும் தலைகளால் வகுக்கிறார்கள். அண்ணன் உழைப்பதன் மதிப்பு பெங்களூரு கணக்கில் ஏறுகிறது. அவர் தலையோ கோலாரில் எண்ணப்படுகிறது. அந்தத் தலைக்கணக்கும் 2011 கணக்கெடுப்பை வைத்துப் போட்ட மதிப்பீடுதான். 2021இல் எடுக்க வேண்டியது நடக்கவில்லை.

சரி, கோலார் எண் உயர்ந்தால் மட்டும் எங்களுக்கு விடிந்துவிடுமா? நரசாபுரத்தில் பெரிய தொழிற்சாலைகள் வந்திருக்கின்றன. அந்த உற்பத்தியும் கோலார் மாவட்டத்தில்தான் சேரும். அதைக் காட்டி மாவட்டமே வளர்ந்துவிட்டது என்றால், விடியுமுன் ஸ்டேஷனுக்கு ஓடுகிறவருக்கு என்ன பதில்?

இதைச் சரியாகப் பிடித்தவர் பொருளாதார அறிஞர் நஞ்சுண்டப்பா. வட்டார ஏற்றத்தாழ்வை ஆராய கர்நாடக அரசு அமைத்த அவர் குழு 2002இல் கொடுத்த அறிக்கை மாவட்டத்தோடு நிற்கவில்லை. 175 தாலுகாக்களையும் 35 அளவுகோல்களால் அளந்தது. மிகவும் பின்தங்கியவை என்று 39 தாலுகாக்கள் வந்தன. 26 வடகர்நாடகத்தில், 13 தெற்கில். வடக்கு ஏழை, தெற்கு பணக்காரன் என்றே பேசிப் பழகியவர்களுக்கு அந்த 13 கண்ணிலேயே பட்டிருக்காது. நாட்டுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பது ஐ.நா. 2015இல் வகுத்த 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் பத்தாவது. தாலுகா வரை இறங்கி, சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அளக்காமல் அது குறைந்ததா கூடியதா என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் இன்னொன்று. 2011 கணக்கெடுப்பில் வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியையும் சேர்க்க வேண்டும். தங்கவயலில் படுத்து எழுந்து பெங்களூரை வளர்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் தெரியும்.