அந்த ஃபார்வர்டுக்கு என் பதில்: ஐஸ்லாந்து ஆசாத்ரூ பத்தி கொஞ்சம் நீளமா

போன வாரம் எங்க காலேஜ் பேட்ச் குரூப்புல ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. கையில கோடாரி வச்ச ஒரு தாடிக்காரர், பின்னாடி நெருப்பு, கீழ பெரிய எழுத்துல ஐரோப்பாவே மூதாதையர் மதத்துக்குத் திரும்பிடுச்சு, ரத்தம் கூப்பிட்டா யாராலயும் தடுக்க முடியாது, நாம எப்ப முழிச்சுக்கப் போறோம்னு. கீழ வரிசையா தம்ஸ் அப். அங்கயே பதில் சொல்லலாம்னு ஆரம்பிச்சேன், மூணு மெசேஜ் போட்டும் முடியல, அதான் இங்க எழுதுறேன். நான் ஓஸ்லோ வந்து எட்டு வருஷம் ஆச்சு, அதுல பாதிக்கு மேல இந்த மூதாதையர் மதத்துக்காரங்களைப் பத்திதான் ராத்திரி ராத்திரியா உக்காந்து படிச்சிருக்கேன், ஒரு தடவை ஐஸ்லாந்துக்கே போய் அவங்க கூட நின்னிருக்கேன், அதனால அந்தப் படத்தைப் பாத்ததும் நெஜமாவே கோவம் வந்துடுச்சு.

மொதல்ல இது என்னன்னு சொல்லிடுறேன். கிறிஸ்தவம் வர்றதுக்கு முன்னாடி வட ஐரோப்பாவுல இருந்த ஓடின், தோர், ஃப்ரேயா இந்த சாமிகளைக் கும்பிடுற மதத்துக்கு இன்னிக்கு ஆசாத்ரூன்னு பேரு. சங்கமா பதிஞ்சு, அரசாங்கமே ஏத்துக்கிட்டு, பொதுவுல நடத்துறதுல முன்னாடி நிக்கிறது ஐஸ்லாந்துதான். 1972ல, ஏப்ரல் மாசம், அவங்க காலண்டர்ல கோடையோட மொத நாள், பன்னெண்டு பேர் சேர்ந்து ஆரம்பிச்சது. இப்ப 5,000 பேரைத் தாண்டியாச்சு, மொத்த நாடே சுமார் நாலு லட்சம் பேர்தான்ங்கிறதை வச்சுப் பாருங்க. டென்மார்க்ல ஃபோர்ன் சித்ர்னு ஒரு அமைப்பு 1997ல ஆரம்பிச்சு 2003ல அங்கீகாரம் வாங்குச்சு, நார்வேலயும் ஸ்வீடன்லயும் இருக்காங்க, எல்லாமே சின்னச் சின்னக் கூட்டம்தான். "ஐரோப்பாவே திரும்பிடுச்சு"ங்கிறதெல்லாம் சும்மா.

ஐஸ்லாந்துல அதை ஆரம்பிச்ச ஆள் யாருன்னு பாக்கணும். ஸ்வேன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன்னு பேரு, மேற்கு ஐஸ்லாந்துல ஆடு மேய்ச்ச விவசாயி, கூடவே கவிஞர். கவிஞர்னா ஏதோ பொழுதுபோக்குக்கு எழுதினவர் இல்ல, ரீமூர்னு அங்க ஒரு பழைய கதைப்பாட்டு வகை இருக்கு, ராகம் போட்டு இழுத்து இழுத்துப் பாடுவாங்க, அதுல கைதேர்ந்தவர், 1953லயே அதோட யாப்பு பத்தி ஒரு புத்தகம் போட்டிருக்காரு. பழைய நோர்ஸ் (வைக்கிங் காலத்து வட ஐரோப்பா மொழி) பாட்டு முழுக்க மோனையில ஓடும், நமக்கு அது காதுல விழுந்தா உடனே பிடிபட்டுடும், ஒரு வார்த்தை புரியாட்டியும் எங்க தட்டுதுன்னு தெரியும். இந்த மனுஷன் மந்திரி ஆபீஸுக்குப் போய் எங்களையும் ஒரு மதமா பதிஞ்சுக்கோங்கன்னு கேட்டிருக்காரு. அப்போதைய பிஷப் எதிர்த்தாரு. ஆனா அரசியல் சட்டத்துல வழிபாட்டு உரிமை இருக்கு, 1973ல கொடுக்க வேண்டியதாப் போச்சு. மந்திரியைப் பாத்துட்டு வந்த கொஞ்ச நேரத்துல தலைநகர் ரேக்யவிக்ல இடி மின்னல், கரண்ட் போயிடுச்சுன்னு ஒரு கதை இன்னிக்கும் அங்க சொல்லுவாங்க, இடிச் சாமி தோரே கையெழுத்து போட்டுட்டாருன்னு.

இதுல என்னை ரொம்பப் பிடிச்சு உலுக்கினது ஒரு தேதி. இந்த சாமிகளைப் பத்தின பாட்டெல்லாம் பெரும்பாலும் நமக்குக் கிடைச்சிருக்கிறது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில இருந்து, கோடெக்ஸ் ரெகியுஸ்னு சொல்லுவாங்க, 13ஆம் நூற்றாண்டுல தோல்ல எழுதினது. மிஞ்சினது 45 ஏடு. நடுவுல எட்டு ஏடு காணாமப் போச்சு, போனது போனதுதான். அதை 1662ல டென்மார்க் ராஜாவுக்கு அனுப்பி வச்சாங்க, முன்னூறு வருஷம் கோபன்ஹேகன்லயே இருந்துச்சு. 1971 ஏப்ரல் 21ஆம் தேதி ஒரு டேனிஷ் கடற்படைக் கப்பல்ல திரும்பி வந்துச்சு, ரேக்யவிக் துறைமுகத்துல ஆயிரக்கணக்கான பேர் கூடி நின்னாங்க, ஒரு சுவடியைப் பாக்க. சுவடின்னா என்ன மதிப்புன்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், கரையான் தின்னது போக மிஞ்சினதைத் தேடி ஊர் ஊரா அலைஞ்ச கதை நம்மகிட்டயும் இருக்கு. அந்தக் கப்பல் வந்து சரியா ஒரு வருஷத்துக்கு ஒரு நாள் குறைய, 1972 ஏப்ரல் 20, இந்த சங்கம் ஆரம்பிக்குது. ரத்தம் கூப்பிட்டுச்சாம். பாட்டுய்யா கூப்பிட்டுச்சு! அந்தப் பாட்டையும் எழுதி வச்சது யாரு, கிறிஸ்தவர்கள். கி.பி. 1000 வாக்குல நாடே மதம் மாறி இருநூறு முன்னூறு வருஷம் கழிச்சு, தாத்தன் பாட்டன் பாடினது அழிஞ்சிடக் கூடாதுன்னு உக்காந்து எழுதினவங்க. அவங்க இல்லன்னா இன்னிக்கு ஓடினும் இல்ல தோரும் இல்ல.

அதனாலதான் ஐஸ்லாந்துக்காரங்க மேல எனக்கு இவ்வளவு மரியாதை. நடுவுல தொள்ளாயிரத்து சொச்சம் வருஷம் அறுந்து போச்சுங்கிறதை அவங்க மறைக்கிறதே இல்ல. 2003ல இருந்து தலைமை கோதியா (பூசாரின்னு வச்சுக்கலாம், ஆனா பழங்காலத்துல ஊர்த்தலைவரும் அவரேதான்) இருக்கிறவர் ஹில்மார் ஓர்ன் ஹில்மார்சன், சினிமாவுக்கு இசையமைக்கிறவர், 1991ல ஐரோப்பிய சினிமா விருது வாங்கினவர். எட்டுக்கால் குதிரையில ஒத்தக்கண்ணோட ஒருத்தர் (ஓடினைத்தான் சொல்றாரு) சுத்துறாருன்னு இங்க யாரும் நம்பறதா எனக்குத் தோணல, இதெல்லாம் இயற்கையோட சக்தியையும் மனுஷ மனசையும் பேசுற கவிதைன்னு அவரே பேட்டியில சொல்லியிருக்காரு. தன் மதத்தோட மேடையில நின்னுகிட்டு இப்படிச் சொல்ல எவ்வளவு நேர்மை வேணும்! அவருக்கு முன்னாடி 2002-03ல கொஞ்ச காலம் ஒரு பொம்பளதான் அந்தப் பொறுப்புல இருந்தாங்க. பலி கிடையாது, ஆடு கோழி எதுவும் வெட்டறது இல்ல. அவங்க சடங்குக்கு ப்ளோத்னு பேரு, நெருப்பு மூட்டி, வட்டமா நின்னு, பாட்டு சொல்லி, கொம்புல ஊத்தின பானத்தைக் கைமாத்திக் குடிச்சு, மிச்சத்தை மண்ணுக்கு ஊத்துவாங்க. பேர் வைக்கிறது, கல்யாணம், சாவு எல்லாம் நடத்தி வைக்கிறாங்க, ஆணும் ஆணும் பொண்ணும் பொண்ணும் கட்டிக்கிட்டாலும் சரி. ரேக்யவிக்ல குஃபுநெஸ் இடுகாட்டுல தனி இடம் கூட இருக்கு.

மதங்கிறதுக்கு அவங்க சொல்ற இன்னொரு வார்த்தையும் எனக்குப் பிடிக்கும், சித்துர். வழக்கம்னு அர்த்தம். எங்க ஊர்ப்பக்கம் "எங்க வழக்கம் இப்படி"ன்னு பெருசுங்க சொல்லுவாங்கள்ல, அந்த வழக்கம்.

அந்த வழக்கத்துல எனக்கு ரொம்ப நெருக்கமானது லாண்ட்வைத்திர். தமிழ்ல சொல்லணும்னா எல்லைச்சாமி, வேற வார்த்தையே தேட வேண்டாம். டென்மார்க் ராஜா ஒரு மந்திரவாதியைத் திமிங்கல உருவத்துல உளவு பாக்க அனுப்பினப்ப, கிழக்குல டிராகன், வடக்குல பெரிய பறவை, மேக்குல காளை, தெக்குல மலை ராட்சசன்னு நாலு எல்லையிலயும் நின்னு விரட்டி விட்டுச்சுன்னு கதை. ஐஸ்லாந்து நாணயத்தைத் திருப்பிப் பாத்தா அந்த நாலும் இருக்கும், நாட்டோட சின்னத்துலயும் இருக்கும். அந்தக் காலத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு, கப்பல்ல கரையை நெருங்கும்போது முகப்புல இருக்கிற வாய் பிளந்த டிராகன் தலையைக் கழட்டிடணும், இல்லன்னா எல்லைச்சாமிங்க பயந்துடும்னு. சாமி பயந்துடக் கூடாதேன்னு ஒரு ஊர் சட்டம் போட்டிருக்குன்னு படிச்ச அன்னிக்கு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வருஷா வருஷம் டிசம்பர் 1ஆம் தேதி இந்த சாமிகளுக்கு நாட்டோட பல திசையிலயும் ஒரே நாள்ல ப்ளோத் நடக்கும்.

இப்ப அந்தக் கோடாரிக்காரர் படத்துக்கு வர்றேன். அந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல. நாஜி ஜெர்மனில ஹிம்லரோட எஸ்எஸ் படை ரூன்ங்கிற பழைய வட ஐரோப்பா எழுத்தைத்தான் காலர்ல மாட்டிக்கிட்டு அத்தனை பேரைக் கொன்னுச்சு, நம்ம வாசல்ல போடுற ஸ்வஸ்திகாவுக்கு என்ன ஆச்சோ அதேதான் அதுக்கும் ஆச்சு. அமெரிக்காவுல ஆசாத்ரூ ஃபோக் அசெம்பிளின்னு ஒண்ணு, ஸ்டீபன் மெக்நாலன் ஆரம்பிச்சது, வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான் இந்த மதம்னு வெளிப்படையாவே சொல்றவங்க. மினசோட்டாவுல மர்டாக்ங்கிற குட்டி ஊர்ல ஒரு பழைய சர்ச் கட்டடத்தை வாங்கி, ஊர்க்காரங்க எவ்வளவோ எதிர்த்தும் 2020 டிசம்பர்ல அங்க கூடிக் கும்பிட அனுமதி வாங்கிட்டாங்க. ஹில்மாரோட சங்கம் ஓர்பால் கல்யாணத்தை ஆதரிக்குதுன்னு 2015ல வெளிநாட்டு ஆளுங்க அவங்களுக்கே திட்டி மெயில் மேல மெயில் அனுப்பினாங்க. இந்தப் பாட்டை இன்னிக்கும் அகராதி அதிகம் புரட்டாம தன் மொழியிலயே படிக்கிற ஜனத்துக்கு, மொழிபெயர்ப்புல படிச்சவன் வந்து உண்மையான வைக்கிங் மதம் எதுன்னு பாடம் எடுக்கிறான். எனக்கும் நடந்துச்சு. ஆறு வருஷம் முன்னாடி ஒரு ஆன்லைன் குரூப்புல சேர்ந்து ஹவாமால்ங்கிற பழைய அறிவுரைப் பாட்டுல ஒரு செய்யுளுக்கு அர்த்தம் கேட்டேன், மரியாதையாதான் கேட்டேன், என் ப்ரொஃபைல் படத்தைப் பாத்துட்டு டிஎன்ஏ டெஸ்ட் ரிசல்ட் போடச் சொன்னாங்க, அப்புறம் உன் முன்னோர் சாமியைப் போய்க் கும்பிடுன்னு சொல்லி எடுத்து விட்டுட்டாங்க. ரெண்டு நாள் மனசே சரியில்ல.

ஆனா அமெரிக்காவுலயே ட்ரோத்னு ஒரு அமைப்பு 1987ல இருந்து யார் வேணா வரலாம்னுதான் நடத்துது. 2016ல நூத்துக்கும் மேல அமைப்புங்க சேர்ந்து அந்த வெள்ளை இனக் கும்பலோட எங்களுக்கு ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு கையெழுத்து போட்டாங்க, பேரு டிக்ளரேஷன் 127. ஹவாமால் 127ஆம் செய்யுளை வச்சுப் போட்டது, கெட்டதைப் பாத்தா கெட்டதுன்னு சொல்லு, எதிரிக்கு சமாதானம் கொடுக்காதேன்னு வரும். அதே ஹவாமால் எப்படி ஆரம்பிக்குதுன்னு அந்த டிஎன்ஏ கேட்ட ஆளுங்க படிச்சாங்களா இல்லையா. மூணாவது செய்யுள், முட்டி வரைக்கும் குளிர்ந்து போய் வந்தவனுக்கு நெருப்பு கொடு. நாலாவது, சாப்பிட வந்தவனுக்குத் தண்ணி கொடு, துண்டு கொடு, நல்லபடியா வான்னு சொல்லு. ஓடின் சொன்னதா வர்ற வாக்கு இது. வந்தவன் யாரு, எந்த ரத்தம்னு ஒரு வார்த்தை கிடையாது. பனியில வந்தவனை வெளிய நிறுத்தினா செத்துப் போயிடுவான்ங்கிற ஊர்ல பொறந்த பாட்டு, அது அப்படித்தான் இருக்கும்.

அந்த சங்கத்துல குறையே இல்லன்னும் சொல்ல வரல. ரேக்யவிக்ல ஒஸ்க்யுக்லித் குன்றுல கோயில் கட்டுறோம்னு 2015 மார்ச் 20, சூரிய கிரகணத்தன்னிக்கு வேலை ஆரம்பிச்சாங்க, ஒரு பக்கம் குன்றோட பாறையே சுவரா வர்ற மாதிரி அழகான பிளான், அது வருஷக்கணக்கா இழுத்துச்சு. அங்க யார் எந்த மதத்துல பதிஞ்சிருக்காங்களோ அந்த அமைப்புக்கு அரசாங்கம் தலைக்கு இவ்வளவுன்னு காசு கொடுக்கும், அதனால சர்ச்சுக்குப் போற காசு இவங்களுக்குப் போகட்டுமேன்னு பேர் மாத்தினவங்களும் உண்டு. இருக்கட்டும். வந்தவங்க எதுக்கு வந்தாங்கன்னு அவங்க தோண்டுறதில்ல.

நான் போனது ஜூன் மாசக் கடைசில ஒரு வியாழக்கிழமை, திங்வெட்லிர்ல. பழங்காலத்துல ஐஸ்லாந்து பார்லிமெண்ட் கூடின பள்ளத்தாக்கு அது, மதம் மாறலாம்னு முடிவெடுத்ததும் அங்கயேதான், தோர்கெய்ர்னு பழைய மதத்துத் தலைவர் ஒருத்தர் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போர்வைக்குள்ள படுத்து யோசிச்சுட்டு வந்து, ரெண்டு சட்டம் வேண்டாம், வெட்டிக்கிட்டுச் சாவோம், எல்லாரும் மாறிடலாம்னு சொன்ன இடம். இங்கிலீஷ்ல வியாழக்கிழமையில தோர் பேரு இன்னும் இருக்கு, தோரோட சொந்த ஊரான ஐஸ்லாந்துல அது வெறும் "அஞ்சாம் நாள்", 12ஆம் நூற்றாண்டு பிஷப் ஒருத்தர் சாமி பேரையெல்லாம் கிழமையில இருந்து எடுத்துட்டாரு. அந்த அஞ்சாம் நாள்லதான் இவங்க அங்க போய் நிக்கிறாங்க.

தூறல், காத்துன்னா அப்படி ஒரு காத்து. வெறும் மழைக்கோட்டு போட்ட ஆளுங்க, ரப்பர் பூட்ஸோட ஓடுற குழந்தைங்க. கோடாரி ஒண்ணும் இல்ல. கோதி மொதல்ல இங்க எல்லாருக்கும் சமாதானம்னு அறிவிச்சாரு, பழைய வழக்கப்படி, இந்த வட்டத்துக்குள்ள யாரும் யாருக்கும் பகையில்லன்னு. அப்புறம் செய்யுள். ஒரு வார்த்தை புரியல, ஆனா அந்த மோனை தட்டுறது காத்தையும் மீறிக் கேட்டுச்சு. அப்புறம் கொம்பு வந்துச்சு. கொம்பைக் கீழ வைக்க முடியாது, சாஞ்சு கொட்டிடும், அதனால கையில வாங்கினா அடுத்த கையில கொடுத்தே ஆகணும். என் பக்கத்துல எழுபது வயசு இருக்கும் ஒரு அம்மா, கம்பளிக் கையுறை நனைஞ்சு போய், கொம்பை என் கையில வச்சுட்டு, குடிக்கலன்னா உதட்டுல தொட்டா போதும், யாரை நினைக்கணுமோ அவங்க பேரைச் சொல்லுன்னாங்க. எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம்தான் வந்துச்சு, ஆடி மாசம் கருப்பனுக்குப் படைக்கும்போது மொத உருண்டையை மண்ணுல வச்சுட்டுத்தான் எங்களுக்குப் போடும். அப்பத்தா பேரைத் தமிழ்லயே சொன்னேன், குரல் கொஞ்சம் உடைஞ்சுடுச்சு. சுத்தி நின்ன அத்தனை பேரும் என்ன பேருன்னு புரியாமயே அவங்க மொழியில வாழ்த்து சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாத்தாங்க.

கடைசில மிச்சத்தைப் புல்லுல ஊத்தினாங்க. கார் நிறுத்தின இடம் வரைக்கும் அந்த அம்மா கூடவே நடந்தேன். எந்த ஊருன்னு அப்பதான் கேட்டாங்க. சிவகங்கைப் பக்கம்னேன், இப்ப ஓஸ்லோன்னேன், ஓஸ்லோல ஆட்டுக்கறி கிலோ என்ன விலைன்னு கேட்டாங்க.