விலை தெரியும் முன்னே கையெழுத்து

அக்டோபர் வந்துவிட்டால் நியூ ஜெர்சியில் நம் ஆட்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் ஓடும், "ஈடி போடலாமா, வேண்டாமா?" போன வருடம் எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் என்பதால் மனதில் பட்டதை எழுதுகிறேன்.

ஈடி என்றால் ஏர்லி டிசிஷன், அமெரிக்கக் கல்லூரிகளில் முன்கூட்டியே விண்ணப்பிக்கும் ஒரு முறை. ஒரே ஒரு கல்லூரிக்கு நவம்பர் தொடக்கத்திலேயே விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் அங்கேதான் சேருவேன், மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுப்பது. பிள்ளை, பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். டிசம்பர் நடுவில் முடிவு வரும். பல கல்லூரிகளில் இந்த வழியில் இடம் கிடைக்கும் விகிதம் ரெகுலரைவிட, அதாவது எல்லோரும் போடும் வழக்கமான விண்ணப்பத்தைவிட, நன்றாகவே அதிகம், அதனால்தான் இவ்வளவு பரபரப்பு.

எங்கள் மகள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திருப்பி அந்தக் கையெழுத்துப் பக்கத்தைக் காட்டினாள். "அம்மா, உன் பெயரை டைப் பண்ணினால் போதும்." அதே திரையில் இன்னொரு ஜன்னலில் நெட் பிரைஸ் கால்குலேட்டர், அதாவது உதவித்தொகை போக வருடத்துக்கு நாம் கட்ட வேண்டியதை உத்தேசமாகச் சொல்லும் கல்லூரியின் இணையக் கணக்கு, திறந்திருந்தது. அது சொன்ன தொகை எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில் வரி போக மிஞ்சுவதில் பாதிக்குமேல். ஊரில் மாமியாரின் டயாலிசிஸுக்கு மாதாமாதம் அனுப்புகிறோமே, அதை எழுத, அரசின் கல்வி உதவிக்கு நிரப்பும் ஃபாஃப்ஸா படிவத்தில் தனியாக இடமே இல்லை. இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் படித்தால் முன்பு கணக்கில் சலுகை கிடைத்தது, 2024-25 படிவத்திலிருந்து அதுவும் போய்விட்டது.

கவுன்சிலர் நல்ல மனுஷி, "உதவித்தொகை போதவில்லை என்றால் விலகிக்கொள்ளலாம்" என்றார். உண்மைதான், விதியில் அப்படி இருக்கிறது. ஆனால் டிசம்பரில் நம் கையில் இருப்பது உதவித்தொகை எவ்வளவு என்று சொல்லும் ஒரே ஒரு கடிதம். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று கிடையாது. கிடைத்த இடத்தை விட்டுவிட்டு ஜனவரி ஒன்றாம் தேதிக் கெடுவுக்குள் மற்ற விண்ணப்பங்களை முடி என்று பதினேழு வயதுப் பிள்ளையிடம் எந்தத் தாய் சொல்வாள்? முழுப் பணத்தையும் கட்ட முடிந்த வீட்டுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் வாய்ப்பு, நம் பிள்ளைக்குக் கூடுதல் பயம். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

இது நான் மட்டும் சொல்வதில்லை. முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே சாதகம் என்று சொல்லித்தான் 2006-ல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் அதை நிறுத்துவதாக அறிவித்தன. 2011-ல் திரும்பக் கொண்டுவந்தபோதும், கட்டாயம் சேர வேண்டும் என்ற நிபந்தனையை அவை வைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் ஏர்லி டிசிஷன் முறையை எதிர்த்து முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள்மீது மாணவர்கள் வழக்கே போட்டார்கள்.

நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அந்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கமே இல்லை. மார்ச் கடைசியில் மூன்று கடிதங்கள் வந்தன. உதவித்தொகையில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வருடத்துக்கு 14,000 டாலர் வித்தியாசம், இத்தனைக்கும் எல்லோருக்கும் கொடுத்தது அதே வருமானக் கணக்கு, அதே வரிப் படிவம். குறைவாகக் கொடுத்த கல்லூரிக்கு மற்றதன் கடிதத்தை அனுப்பி, மாமியாரின் மருத்துவச் செலவையும் எழுதி, மறுபரிசீலனை கேட்டோம். உயர்த்திக் கொடுத்தார்கள். இப்போது அங்கேதான் படிக்கிறாள். ஈடி போட்டிருந்தால் அனுப்பிக் காட்ட அந்த இன்னொரு கடிதமே இருந்திருக்காது.

நேற்று ஒரு தோழி போன் செய்தாள், மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள், பையனுக்கு ஈடி ஆசை. சொந்தத் தொழில் இருந்தால் கால்குலேட்டரை அப்படியே நம்பாதே என்றேன். இந்த வாரமே அந்தக் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்குக் கடைக் கணக்கோடு மின்னஞ்சல் போடு, எங்களுக்கு உத்தேசமாக எவ்வளவு வரும் என்று எழுத்தில் கேள். பதில் வந்த பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.