தலைக்கு இவ்வளவு என்று விடப்படும் வீடுகள்

வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம், அம்பத்தூர் என்று சென்னையின் எந்தப் பகுதியை எடுத்தாலும் இந்தப் பேச்சு ஓய்வதில்லை. தெருவில் ஒரு செயின் பறிப்போ பைக் திருட்டோ நடந்தால் போதும், மறுநாள் காலையிலேயே "வடக்கத்திக்காரங்களுக்கு வீடு விடாதீங்க" என்று தொடங்கிவிடுகிறது. அடுத்த மூச்சிலேயே "அவங்க இல்லேன்னா கம்பி கட்ட யாரு இருக்கா?" என்று பதில் வருகிறது. இரண்டு பக்கமும் இப்படியே கத்திக் கத்தி ஓய்ந்துபோகிறது. வீடு எப்படி விடப்படுகிறது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் மொத்தப் பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு இரண்டு படுக்கையறை வீட்டை எடுத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு விட்டால் மாதம் 15,000 ரூபாய் வரும் என்று வையுங்கள். ஒரு மேஸ்திரி வந்து தலைக்கு 1,500 ரூபாய், 20 பேர் என்கிறார். வாடகை 30,000 ஆகிவிடுகிறது. ஓனருக்கு அதற்குமேல் கேள்வி இல்லை. அக்ரிமென்ட் கிடையாது, ரசீது கிடையாது, உள்ளே இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலும் கிடையாது. சாவி மேஸ்திரியிடம், மேஸ்திரியின் ஃபோன் நம்பர் ஓனரிடம். ஒப்பந்தம் என்றால் அவ்வளவுதான்.

முதலில் வெடிப்பது செப்டிக் டேங்க். பாதாள சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு வைத்திருக்கும் அளவு. ஐந்து பேருக்கு 675 லிட்டர். இருபது பேருக்கு 2,700 லிட்டர். ஒரே பாத்ரூமில் வரிசையில் நிற்பவர்களால் அவ்வளவு செலவழிக்க முடியாது, உண்மை. பாதி என்று வைத்தாலும் 1,350 லிட்டர், அதாவது அந்த வீட்டுக்கென்று கட்டிய தொட்டியின் கணக்கைப்போல் இரண்டு மடங்கு. கழிவு தங்கிப் படிய நேரம் கிடைக்காது. கசடு அப்படியே வெளியேறி மழைநீர் வடிகாலுக்குப் போகும். நாற்றம் பக்கத்து வீட்டுக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவது தொழிலாளியை. ஐந்து பேர் கணக்குக்குக் கட்டிய தொட்டியின் மேல் இருபது பேரைக் குடிவைத்தது யார் என்று கேட்பதில்லை.

அடுத்தது சமையல் கேஸ். எனக்குப் பெரிய பயம் இதில்தான். முகவரிச் சான்று இல்லாததால் இவர்களில் பலருக்கு 14.2 கிலோ வீட்டு இணைப்பு கிடைப்பதில்லை. விளைவு, பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்குக் குழாய் போட்டு மாற்றி விற்கும் கடைகள். அப்படி நிரப்பும்போது எடை பார்ப்பதில்லை, வால்வு சோதிப்பதில்லை. சிலிண்டரில் ஆவிக்கென்று விட வேண்டிய காலி இடமும் இல்லாமல் முழுக்க நிரப்பிவிடுகிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே வெயிலில் அது சூடானால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தனைக்கும் எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமலே, ஏதாவது ஒரு அடையாள அட்டையைக் காட்டினால் கிடைக்கிறது. இதை மேஸ்திரிக்கு எடுத்துச் சொல்ல ஓனருக்கு ஐந்து நிமிடம் ஆகாது.

இனி குற்றம். 2012 பிப்ரவரி 23 அன்று வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில், வங்கிக் கொள்ளையர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேர் போலீஸ் என்கவுன்டரில் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று கமிஷனர் உத்தரவு வந்தது. "அதான் சட்டம் இருக்கே" என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். கமிஷனர்கள் இப்படிப் போடும் உத்தரவுகள் வழக்கமாகப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவின்கீழ் வந்தவை. அந்தப் பிரிவு இப்போது, பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-வது பிரிவு. அதன்கீழ் போடும் உத்தரவுக்கு ஆயுள் இரண்டு மாதம். மாநில அரசு நினைத்தால் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். ஒரு முறை போட்ட உத்தரவு காலத்துக்கும் நம்மைக் காக்கும் என்று நம்புவது தவறு.

சரி, விவரம் கொடுக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எதைக் கொடுக்கிறார்கள்? ஆதார் ஜெராக்ஸ். ஜெராக்ஸில் எந்த முகத்தையும் ஒட்டலாம். அட்டையில் இருக்கும் க்யூஆர் கோடை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் பெயரும் படமும் வரும், காசு கிடையாது. இருபது பேருக்கு அரை மணி நேர வேலை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வாடகைதாரர் சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்கலாம். அதைவிட முக்கியமானது, பட்டியலை உயிரோடு வைத்திருப்பது. கட்டட வேலைக்கு வந்தவர் இரண்டு மூன்று மாதத்தில் வேறு சைட்டுக்குப் போய்விடுவார், அந்தப் பாயில் இன்னொருவர் படுத்திருப்பார். ஜனவரியில் கொடுத்த பட்டியல் ஏப்ரலில் வெறும் தாள். மாதா மாதம் வாடகை வாங்கும்போதே வந்தவர் பெயர், போனவர் பெயர், தேதி, சொந்த மாவட்டம், வீட்டில் ஒருவரின் ஃபோன் நம்பர் என்று ஒரு நோட்டில் எழுதி மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இவர் யார் என்று சொல்லவும் அதே நோட்டுதான் உதவும்.

வாடகைச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுக் கொண்டுவந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். பதினோரு மாத ஒப்பந்தமாக இருந்தாலும் வாடகை ஆணையத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். ஓனரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடக் கூடாது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்று அதில் இருக்கிறது. ஆனால் "வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்" என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் சாகாமல் இருப்பது இந்தக் கதவால்தான். அதை அடைக்கச் சொல்லிக் கேட்பதில் தமிழ்க் குடும்பத்துக்கும் ஒடிசாக்காரருக்கும் ஒரே நலன். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்.

ஓனர்கள் பதியத் தயங்குவது பெரும்பாலும் வருமான வரிக்குப் பயந்து. மாதம் 30,000 என்றால் ஆண்டுக்கு 3,60,000. அதில் பராமரிப்புக்கென்று 30 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். வரிக் கணக்கில் சேர்வது 2,52,000. இந்தத் தொகைக்கு வரும் வரிக்காக இருபது பேரைக் கண்ணுக்குத் தெரியாதவர்களாக ஆக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

ஒப்பந்தம் யார் பெயரில் என்பதில் ஏமாந்துவிடக் கூடாது. மேஸ்திரி பெயரில் போட்டால் நாளைக்கு அவர் வேறு ஊரில் இருப்பார். வேலை எடுத்திருக்கும் கான்ட்ராக்டர் நிறுவனத்தின் பெயரில் போடுங்கள். அதிகபட்சம் இத்தனை பேர் என்று எண்ணிக்கை எழுதுங்கள். வேலை நடக்கும் சைட்டின் முகவரியையும் சேருங்கள். செப்டிக் டேங்க் லாரிச் செலவு யாருடையது என்று ஒரு வரி வேண்டும். எட்டு பேர், பத்து பேர் என்று நின்றுவிட்டால் பாதிப் புகார்கள் தானாக அடங்கும்.

கான்ட்ராக்டரின் கடமையை எடுத்தால் கதை இன்னும் கசக்கிறது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு வேலையிடத்திலோ அருகிலோ இலவசமாகத் தங்குமிடம் தர வேண்டும், சமையலுக்கும் குளிக்கவும் கழிப்பறைக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-வது பிரிவு எழுதியது. அதுவும், வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டமும் 2025 நவம்பர் 21 முதல், தொழிலாளர் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. இத்தனை ஆண்டு சட்டம் இருந்தும் தலைக்கு 1,500 ரூபாய் கூலியிலிருந்தே பிடிக்கப்படுவது பல இடங்களில் வழக்கம். வேலைக்கு வந்த நாட்களைக் குறிக்கும் ஹாஜரி அட்டை மேஸ்திரியிடம், கணக்கும் அவரிடம். கான்ட்ராக்டர் கூலி தராமல் போனால் வேலை கொடுத்த முதன்மை முதலாளி தர வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. அதை நிரூபிக்கத் தொழிலாளியிடம் ஏதாவது இருக்க வேண்டுமே. ஹாஜரி அட்டையை வாரம் ஒரு முறை ஃபோனில் படம் எடுத்து வைப்பதும், முன்பணத்தைக் கையில் வாங்காமல் யுபிஐயில் வாங்குவதும் பின்னால் பேருதவி. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அதில் நிறைய. பெயர்ப் பட்டியல் இல்லாமல் வேலை வாங்குவதன் கொடுமை அப்படி ஒரு நாளில்தான் முழுசாகத் தெரியும்.

பாதுகாப்பு என்று பேசும் அடுக்குமாடிச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வாசலில் நிற்கும் காவலாளியை அனுப்பும் ஏஜென்சிக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா? ஒவ்வொரு காவலாளிக்கும் போலீஸ் சரிபார்ப்பும் பயிற்சியும் முடிந்திருக்க வேண்டும். மத்திய மாதிரி விதிகளில் 160 மணி நேரப் பயிற்சி என்று இருக்கிறது. மாதத்துக்கு இரண்டாயிரம் மிச்சம் என்று உரிமம் இல்லாத ஏஜென்சியை வைத்து, தினம் 12 மணி நேரம் வாரவிடுமுறை இல்லாமல் ஒருவரை நிற்கவைத்துவிட்டு, எதிர்த் தெருத் தொழிலாளியைச் சந்தேகப்படுவது நியாயமே இல்லை.

2023 மார்ச் மாதத்தை மறந்துவிட வேண்டாம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் பயம் பரவியது. பீகார் அரசு அனுப்பிய குழு நேரில் வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் நாம் ஆதாரமில்லாமல் பேசும் ஒவ்வொரு வரியும் அந்தப் பக்கம் அதே மாதிரி ஒரு வதந்திக்கு விறகு.

ஏற்கெனவே காகிதம் இல்லாமல் விட்டிருப்பவர்கள் இந்த மாதமே கான்ட்ராக்டரை அழைத்து ஒப்பந்தம் போடுங்கள். வர மறுத்தால் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். ஒப்பந்தம் போடாததையே காரணம் காட்டி, வீட்டைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. தெருவில் நாலு பேர் சொன்னார்கள் என்று தண்ணீரையும் கரன்ட்டையும் மட்டும் நிறுத்தாதீர்கள். அது வாடகைச் சட்டமே தடுத்திருக்கும் வழி. அதோடு, இங்கே ஃபியூஸைப் பிடுங்கினால் அந்த இருபது பேரும் இரவோடு இரவாக இரண்டு தெரு தள்ளி இன்னொரு மாடிக்குப் போவார்கள். அங்கேயும் ஓனரிடம் மேஸ்திரியின் ஃபோன் நம்பர் மட்டும்தான் இருக்கும்.