தண்ணி அடிக்கிறவனுக்கு மைக் எதுக்கு என்று கேட்டவர்களுக்கு

அந்த ஸ்கிரீன்ஷாட்டை நான் வேறு இங்கே ஒட்ட வேண்டியதில்லை. மூன்று நாளாக எல்லார் டைம்லைனிலும் அதுதான் ஓடுகிறது. தீயணைப்புத் துறைக்கு மக்களிடம் தகவல் சொல்ல ஒரு மீடியா டீம் என்ற பேச்சுக்கு ஒருவர் போட்ட கமென்ட்: "வண்டிக்கு டீசல் போட வக்கில்ல, இவங்களுக்கு மீடியா டீம் ஒரு கேடா? தண்ணி அடிக்கிறவனுக்கு மைக் எதுக்கு?" நான் மதிக்கிற நாலைந்து பேர் அதற்கு ஹாஹா போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் பத்திரிகைக்காரர். மற்றவர்களை விடுங்கள், அவருக்குமா தெரியாது?

தீ விபத்து நேரத்தில் மக்களுக்குத் தகவல் சொல்வது மீட்புப் பணிக்கு வெளியே இருக்கிற அலங்கார வேலை இல்லை. அதுவே மீட்புப் பணி. இதை இந்தப் பதிவில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், சலிப்பவர்கள் இப்போதே கிளம்பலாம்.

வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டி வேண்டும், ஆள் வேண்டும், காலியிடங்களை நிரப்ப வேண்டும், மூச்சுக்கருவி ஒவ்வொருவருக்கும் வேண்டும். அதோடு பேச ஒரு ஆளும் வேண்டும். 'அது இருந்தால் இது கூடாது' என்று யார் உங்களுக்குச் சொன்னது?

சென்னை கொடுங்கையூரை மறந்துவிட்டீர்களா? 2017 ஜூலை 15 இரவு. பூட்டிக் கிடந்த பேக்கரியில் தீ. தெருவே கூடி நின்று போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. அணைக்கிற வேலை நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே இருந்த கேஸ் சிலிண்டர் வெடித்தது. ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். வேடிக்கை பார்க்க நின்றவர்கள் உட்பட 40 பேருக்கு மேல் தீக்காயம், அதில் சிலர் அடுத்தடுத்த நாட்களில் ஆஸ்பத்திரியில் இறந்தார்கள்.

சிலிண்டர் தீயில் நிற்கும்போது என்ன ஆகும் என்று தெரிந்தவர் யாரும் அந்த இடத்தில் நிற்க மாட்டார். உள்ளே அழுத்தம் ஏறும். வால்வு கேஸை வெளியே விட்டுப் பார்க்கும். சிலிண்டரின் மேல்பாதியில், அதாவது திரவம் இல்லாத பகுதியில், நெருப்பு நேரடியாகப் பட்டால் அங்கே இரும்பு இளகிவிடும். அப்புறம் கிழிந்து நெருப்புப் பந்தாக வரும். கடைகளில் இருப்பது பெரும்பாலும் 19 கிலோ சிலிண்டர். நூறு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். "உள்ளே சிலிண்டர் இருக்கு, தெருமுனைக்குப் போங்க, மாடியில நிக்காதீங்க, ஜன்னல் கண்ணாடி பக்கம் நிக்காதீங்க" என்று வண்டியில் இருக்கிற மைக்கில் விடாமல் சொல்ல எத்தனை பேர் வேண்டும்? ஒரே ஒருவர். ஆனால் அந்த ஒருவருக்கு அது மட்டுமே வேலையாக இருக்க வேண்டும். நிலைய அலுவலர் பம்ப்பைப் பார்ப்பாரா, ஹோஸ் லைனைப் பார்ப்பாரா, உள்ளே போன ஆட்களைப் பார்ப்பாரா, இல்லை கூட்டத்திடம் கெஞ்சிக்கொண்டிருப்பாரா?

தண்ணி அடிக்கிறவனுக்கு மைக் எதுக்கு என்ற கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். மிச்சத்தை வாசிக்க மனமில்லாதவர்கள் இதோடு போகலாம்.

இருப்பவர்களுக்கு: இந்த வேலை என்றால் ட்விட்டரில் போட்டோ போடுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி நினைக்க வைத்ததும் துறைக்காரர்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். நகரத்தில் ஒரு குடோன் எரியும். அரசு சார்பில் வருகிற முதல் செய்தி 'மாண்புமிகு அமைச்சர் அவர்கள் நேரில் பார்வையிட்டார்' என்பதாக இருக்கும். புகை யார் வீட்டுக்குள் போகிறது என்று அதில் ஒரு வரி இருக்காது. கீழே கமென்ட்டில் ஒரு அம்மா, "சார், எங்க வீட்ல ஆஸ்துமா பேஷன்ட் இருக்காங்க, வெளியே கூட்டிட்டுப் போகணுமா?" என்று கேட்டிருப்பார். பதிலே இருக்காது.

முதல் செய்தி பதினைந்து, இருபது நிமிடத்துக்குள் போக வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால், அதற்குள் வாட்ஸ்அப்பில் வேறு ஒருத்தன் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பான். செய்தி இப்படி இருந்தால் போதும்: "இரவு 9.40 நிலவரம். இன்ன சாலையில் பிளாஸ்டிக் குடோனில் தீ. புகை கிழக்குப் பக்கம் போகிறது. அந்தப் பக்கத் தெருக்களில் இருப்பவர்கள் ஜன்னலைச் சாத்துங்கள், வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்துங்கள். வண்டிகள் வர வழி விடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 101 அல்லது 112. அடுத்த தகவல் 10.10-க்கு."

அந்தக் கடைசி வரிதான் உயிர்நாடி. 10.10-க்குப் புதிதாக ஒன்றும் இல்லையென்றாலும் '10.10 நிலவரம், மாற்றம் இல்லை, அடுத்தது 10.40' என்று போட்டே ஆக வேண்டும். ஒருமுறை தவறினால் போச்சு, அதற்கப்புறம் ஜனம் உங்களுக்காகக் காத்திருக்காது. நேரமும் தேதியும் படத்துக்குள்ளேயே அச்சாகி இருக்க வேண்டும். மேலே கேப்ஷனில் போட்டால் ஃபார்வர்டு ஆகும்போது அது உதிர்ந்துவிடும், அடுத்த வருஷம் அதே படம் 'இப்போ வந்த செய்தி' என்று உங்கள் அப்பார்ட்மென்ட் குரூப்புக்கே திரும்ப வரும். பிடிஎஃப் அனுப்பவே கூடாது. லெட்டர்பேடில் கையெழுத்து, சீல் எல்லாம் வைத்து ஸ்கேன் பண்ணி அனுப்புகிற வழக்கத்தை என்னவென்று சொல்ல? புகைக்குள் நிற்கிறவன் பிடிஎஃப் டவுன்லோடு பண்ணுவானா? வடசென்னை குடோன்களிலும் ஓஎம்ஆர் கட்டுமானத் தளங்களிலும் தங்கியிருக்கிற பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவர்களுக்கு இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்த குரல் செய்தி வேண்டும்.

அடுத்து வார்த்தைகள். 'தீ கட்டுக்குள் வந்தது' என்றால் துறையில் அதற்கு அர்த்தம், இனி பரவாது. அணைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அணைந்த பிறகும் கூலிங் என்று, சூட்டைத் தணிக்கிற ஒரு கட்டம் இருக்கிறது, அது மணிக்கணக்கில் போகும். துணி, பஞ்சு, குப்பை என்றால் நாள்கணக்கு. 2017 மே 31 அதிகாலை தி.நகர் உஸ்மான் சாலை ஜவுளிக்கடையில் பிடித்த தீ அடுத்த நாளும் எரிந்தது, கட்டடத்தின் ஒரு பகுதியே சரிந்தது. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைமேடு பல நாள் புகைந்தது. இந்த வித்தியாசத்தை ஒருவர் உட்கார்ந்து விளக்காவிட்டால், சாயந்திரம் 'கட்டுக்குள் வந்தது' என்று கேட்டவர் ராத்திரி ஜன்னலில் ஜுவாலையைப் பார்த்து 'பொய் சொல்றானுங்க' என்றுதான் சொல்வார். அவர் மேல் என்ன தப்பு?

அப்புறம் நம் எல்லாருக்கும் பிடித்த 'மின்கசிவு'. கட்டடம் எரிந்துகொண்டிருக்கும், உள்ளே யாரும் காலே வைத்திருக்க மாட்டார்கள், அதற்குள் 'மின்கசிவே காரணம் என முதற்கட்ட விசாரணையில்' என்று செய்தி வந்துவிடும். யார் விசாரித்தது, எப்போது? எரிந்த இடத்தில் ஒயர் உருகி, முனையில் செப்பு மணி மணியாக இருப்பதைப் பார்த்துச் சொல்வார்கள். அந்த மணி, ஷார்ட் சர்க்யூட்டால் தீ வந்ததாலும் உருவாகும். வேறெங்கோ தொடங்கிய தீ, மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த ஒயரின் இன்சுலேஷனைப் பொசுக்கி, அதனால் ஷார்ட் ஆனாலும் உருவாகும். பிரித்துச் சொல்ல மின் ஆய்வாளரும் தடயவியல் ஆட்களும் வேண்டும். 'காரணம் இப்போது சொல்ல முடியாது, விசாரணை முடிந்ததும் சொல்வோம்' என்று வாயைத் திறந்து சொல்வதற்கும் பயிற்சி வேண்டும் ஐயா. மைக்கை நீட்டி 'காரணம் என்ன சார், காரணம் என்ன சார்' என்று நாலு பேர் கத்தும்போது களைத்துப்போன அலுவலர் வாயில் எது வருமோ அதுதான் வரும். சாவு எண்ணிக்கையும் அப்படித்தான். குடும்பத்துக்குச் சொல்வதற்கு முன்னால் டிவியில் ஸ்க்ரோல் ஓடக் கூடாது என்று கேட்பது கூட அதிகமா?

"இப்படியெல்லாம் சொன்னா ஜனங்க பீதியாயிடுவாங்க" என்று அறிவாளிகள் சிலர் எழுதியிருந்தார்கள். எண்ணூரைப் பாருங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கடலுக்கடியில் போகிற குழாயில் இருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஆட்கள் மூச்சு முட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று ஓடும்போது யாருக்குத் தெரியும்? காற்று அடிக்கிற திசையிலேயே ஓடினால் கேஸும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்காக விலக வேண்டும். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் ஈரத் துணியை மூக்கில் வைத்தால் கொஞ்சமாவது தாங்கும். இரண்டே வரி. சொல்லாமல் விட்டதால் பீதி குறைந்ததா? தெரியாததுதான் பீதி. தமிழ்நாடு வெதர்மேன் பதிவுக்காக மழைநாளில் ஊரே காத்திருக்கிறதே, அவர் பயமுறுத்துகிறார் என்றா? எங்கே, எப்போது என்று சொல்கிறார், எங்கே வராது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார், அதனால்தான்.

தொழில்நுட்பம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023-ல் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, 'சோதனை' என்று தமிழிலும் வந்ததே, அது குறிப்பிட்ட டவர்களுக்குக் கீழே இருக்கிற போன்களுக்கு மட்டும் அனுப்பக்கூடிய வசதி. நம்பர் தெரிய வேண்டியதில்லை. அனுப்ப இயந்திரம் இருக்கிறது. என்ன அனுப்புவது என்று ராத்திரி 12 மணிக்கு முடிவெடுக்கிற ஆள்தான் வேண்டும். அந்த ஆளைத்தான் நீங்கள் கேலி செய்துகொண்டிருக்கிறீர்கள்.

"வெளிநாட்டுல மட்டும் கிழிச்சாங்களா?" கிழிக்கவில்லை. லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் தீ, 2017 ஜூன் 14. முதல் அழைப்பு நள்ளிரவு தாண்டி 12.54-க்கு. 'வீட்டுக்குள்ளேயே இருங்கள்' என்கிற அறிவுரையை முழுதாகக் கைவிட்டது 2.47-க்கு. 72 பேர் இறந்தார்கள். தீ வெளிச்சுவர் வழியாக ஏறிவிட்டது, அந்த அறிவுரை செத்துவிட்டது, ஆனால் போனில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்தது களத்துக்குத் தெரியவில்லை, களத்தில் தெரிந்தது கட்டுப்பாட்டு அறைக்குப் போகவில்லை. தவறான ஒரு வரி எத்தனை உயிரைக் கொண்டுபோகும் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி? தப்பாகச் சொன்னால் சாவு விழும் என்றால், அது சாதாரண வேலையா, மீம் போடுகிற வேலையா?

'அதான் டிவி இருக்கே' என்பவர்களுக்கு நடுக்காட்டுப்பட்டி என்ற ஒரே சொல் போதும். 2019 அக்டோபரில் அங்கே ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தைக்காக நாள்கணக்கில் லைவ் ஓடியது. அப்போது வருவாய் நிர்வாக ஆணையராக இருந்த ராதாகிருஷ்ணன் தூங்காமல் நின்று, பாறை ஏன் உடையவில்லை, துளை போடும் ரிக் ஏன் மெதுவாக இறங்குகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் இல்லாத நேரங்களில் என்னென்ன ஓடியது என்று எல்லாரும் பார்த்தோம்தானே.

ஏப்ரல் 14 தோறும் தீயணைப்பு நிலையங்களில் மௌன அஞ்சலி நடக்கும். எதற்கு என்று ஹாஹா போட்டவர்களுக்குத் தெரியுமா? 1944-ல் அதே நாளில் பம்பாய் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் வெடித்தது. ஒரே கப்பலில் பஞ்சுப் பொதியும் வெடிபொருளும். அணைக்கப் போன 66 வீரர்கள் செத்தார்கள். பிரிட்டிஷ் தணிக்கை செய்தியை அமுக்கியது. மறுநாளே விவரமாகச் சொன்னது ஜப்பான்காரன் கையில் இருந்த சைகோன் ரேடியோ. நம் நிருபர்கள் செய்தி அனுப்ப அனுமதி கிடைத்தது மே மாதம். சொந்த ஊர்க்காரன் செத்ததை எதிரி ரேடியோவில் கேட்க வேண்டிய நிலை. அப்போதாவது யுத்தம் என்றொரு சாக்கு இருந்தது.

எனக்கு 'ஜால்ரா' பட்டம் கொடுத்தவருக்கு: இந்தப் பதிவில் துறையை எத்தனை இடத்தில் குறை சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் தீபாவளிக்கு 'பருத்தி ஆடை அணியுங்கள்' என்று ஒரு போஸ்டர், ஏப்ரலில் ஒரு ஊர்வலம், அவ்வளவோடு நிறுத்திக்கொள்வது எனக்கும் எரிச்சல்தான். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வீட்டுக்கு வெளியே வந்த பிறகு 1906-க்கு அடிக்க வேண்டும் என்று எத்தனை வீட்டில் தெரியும்? தீக்காயத்தில் பேஸ்ட்டும் மாவும் அப்பாமல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும் என்று? வாரம் ஒன்று சொல்லலாமே. சொல்ல ஆள் போட்டால்தான் நீங்கள் சிரிக்கிறீர்களே.

வாய் திறந்தால் விளம்பரம், திறக்காவிட்டால் திமிர். கரியும் ஈரமுமாக உட்கார்ந்து டீ குடித்தால் அதையும் போட்டோ எடுத்து 'ஓபி அடிக்கிறான்' என்பீர்கள். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனதும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அவர்களும் பார்க்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள்.

கமென்ட்டில் வந்து 'அப்போ வண்டி வாங்க வேண்டாமா?' என்று கேட்கப் போகிறவர்கள் மூன்றாவது பத்தியைப் படித்துவிட்டு வரவும். படிக்காமல் கேட்டால் பதில் வராது.